மூக்குத்தியைக் கழற்றினேன்; கேள்வியைக் கைவிடவில்லை

கம்போங் ராஜாவில் மழை பெய்யாத மாலை கிடைப்பதே பெரிய விஷயம். அப்படிக் கிடைத்த மாலைகளில்தான் நான் கூடைப்பந்து கற்றுக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் காற்பந்து விளையாடுவோம். சீனப் பள்ளியில் படித்த தோழிகள்தாம் என்னைக் கூடைப்பந்துத் திடலுக்கு இழுத்துப் போனார்கள். படிவம் 5 முடித்து ஈப்போவில் கல்லூரியில் சேர்ந்ததும் மகளிர் அணியில் இடம் கிடைத்தது.

அந்த ஆண்டு பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது மூக்குக் குத்திக்கொண்டேன். பாட்டியின் மூக்குத்தி அது. தேயிலைக் கொழுந்து பறித்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கியது. எனக்குத்தான் என்று சொல்லி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

விடுமுறை முடிந்து பயிற்சிக்குப் போன முதல் நாளே பயிற்றுநர் அழைத்தார். அணியில் சேர்ந்தபோது நான் படிக்காமலே கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். நகை கூடாது, கையில் கயிறு கூடாது, முகத்தில் எந்த அடையாளமும் கூடாது என்று அதில் இருந்தது. புண் இன்னும் ஆறவில்லை, கழற்றினால் துளை மூடிக்கொள்ளும் என்றேன். மேலே பிளாஸ்டர் ஒட்டிக்கொள்வதாகவும் சொன்னேன். “நடுவர் விடமாட்டார். ஆறும்வரை உட்கார்ந்திரு” என்றார்.

இரண்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்தேன். இரண்டாவதில் மூன்று புள்ளிகளில் தோற்றோம். பாட்டியையே அவமதித்துவிட்டதுபோல் எனக்குக் கோபம். அணியைவிட்டு விலகப் போகிறேன் என்று அம்மாவிடம் தொலைபேசியில் அழுதேன்.

அம்மா நிதானமாகச் சொன்னார்: “கொழுந்து எடுக்கப் போகும்போது பாட்டி வளையலைக் கழற்றி வெச்சிட்டுத்தான் போவாங்க. செடியில மாட்டும்ல? அதுக்காக அது அவங்க வளையல் இல்லேன்னு ஆயிடுமா?”

அதன் பிறகுதான் விதிகளைத் தேடிப் படித்தேன். அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதிகளிலேயே நகைக்குத் தடை இருக்கிறது. பந்தைப் பறிக்க நீளும் கை முகத்தில் படுவது இந்த ஆட்டத்தில் சாதாரணம். மூக்குத்தியில் ஒரு விரல் மாட்டினால் மூக்கு கிழியும். அந்த விரலும் கிழியும். இந்த விதி என்னையும் காக்கிறது, எதிரணிப் பெண்ணையும் காக்கிறது. என் கோபம் பாதி அடங்கியது.

மீதிப் பாதி அடங்காததற்குக் காரணம், அதே சம்மேளனத்தின் இன்னொரு விதி. பாதுகாப்பைக் காரணம் காட்டி, தலையை மூடும் துணிக்கும் முன்பு தடை இருந்தது. 2014ஆம் ஆண்டு தென்கொரியாவின் இஞ்சோன் நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ஹிஜாப்பைக் கழற்ற மறுத்த கட்டார் மகளிர் அணி ஆடாமலே விலகியது. அதே ஆண்டு சீனாவில் நடந்த ஆசியப் போட்டி ஒன்றில், இந்திய அணியின் சீக்கிய ஆட்டக்காரர்கள் இருவர் தலைப்பாகையை அகற்ற வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பில்கிஸ் அப்துல் காதிர் பள்ளி ஆட்டங்களிலேயே 3,000 புள்ளிகளுக்கு மேல் குவித்தவர். மெம்பிஸ் பல்கலைக்கழக அணியிலும் பிறகு இந்தியானா மாநிலப் பல்கலைக்கழக அணியிலும் ஹிஜாப்புடனேயே ஆடினார். ஆனால், பட்டம் பெற்றபின் வெளிநாட்டில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆக நினைத்தபோது இந்த விதி குறுக்கே நின்றது. அவர் சும்மா இருக்கவில்லை. விதியை மாற்றக் குரல் கொடுத்தார். அவரைப்போல் பலர் கேட்டார்கள். முதலில் உள்நாட்டுப் போட்டிகளில் சோதனை முறையில் விலக்கு வந்தது. 2017 மே மாதம் தடையை நீக்க முடிவெடுத்து, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்கும் நிபந்தனைகள் உண்டு. துணி முகத்தை மறைக்கக் கூடாது. கழுத்தைச் சுற்றித் திறந்து மூடும் பகுதி இருக்கக் கூடாது. 2017இல் வந்த விதியில், கறுப்பு, வெள்ளை, அல்லது சீருடையின் முதன்மை நிறத்தில் இருக்க வேண்டும் என்றும் இருந்தது. ஆபத்தைத் தடுக்கும் பகுதி நின்றது; ஆளைத் தடுக்கும் பகுதி போனது.

இதையெல்லாம் படித்த பிறகு பயிற்றுநரைத் தனியாகச் சந்தித்தேன். “மூக்குத்தி சரி, புண் ஆறியதும் கழற்றிவிட்டு ஆடுகிறேன். ஆனால் பொட்டு யாரைக் காயப்படுத்தும்?” என்று கேட்டேன். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். முன்பு ஓர் ஆட்டத்தில் யாருடைய ஒட்டுப் பொட்டோ வியர்வையில் கழன்று பந்தில் ஒட்டிக்கொண்டதாம். அன்று எழுதிய விதியாம் அது! “விழாத பொட்டு இருக்கிறதா?” என்று கேட்டார். சாந்துப் பொட்டைக் காட்டினேன். அடுத்த வாரம் அந்த வரி தாளிலிருந்து நீங்கியது. கயிறு பற்றிய வரி அப்படியே இருக்கிறது. விரல் மாட்டும் என்பதால் நானும் வாதாடவில்லை.

தம்பி தங்கைகளே, பள்ளியிலோ கல்லூரியிலோ ஒரு விதி உங்களை உறுத்தினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது யாரைக் காக்கிறது? எல்லாருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா? இதை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? முதல் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் மனதார ஏற்றுக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால், மூன்றாம் கேள்விக்கு உரியவரிடம் போய்ப் பணிவாகவும் தெளிவாகவும் பேசுங்கள். ஆட்ட நாளன்று நடுவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவரால் விதியை மாற்ற முடியாது. முக்கியமாக, கையெழுத்துப் போடுமுன் தாளைப் படியுங்கள். நான் படித்திருந்தால் பருவம் முடிந்த பிறகு மூக்குக் குத்தியிருப்பேன். அந்த இரண்டு ஆட்டங்களிலும் ஆடியிருப்பேன்.

இப்போது ஒவ்வோர் ஆட்டத்துக்கு முன்பும் மூக்குத்தியைக் கழற்றிச் சின்ன டப்பாவில் போட்டு, அணித்தலைவியிடம் கொடுக்கிறேன். அவர் சீனப் பெண். ஆட்டம் முடிந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, “பாட்டி பத்திரம்” என்று தமிழில் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். அந்த இரண்டு சொற்களையும் நான்தான் கற்றுக்கொடுத்தேன்.