வயதுவந்தபின் கற்கும் பறை: கட்டாயத்துக்கும் விருப்பத்துக்கும் இடையே

அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்வின் பிற்பகுதியில் ஆசிரியர் ஒருவரை அமர்த்தி வயலின் கற்றார். அரசமைப்புச் சட்டம், இந்துச் சட்டத் தொகுப்பு, பௌத்த ஆய்வு என்று நேரம் முழுவதும் பொதுவாழ்வுக்கே செலவான காலம் அது. பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத சிறுவனுக்கு வயலின் வாங்கித் தர எவர் இருந்திருப்பார்? வாய்ப்புக் கிடைத்தபோது கற்றார். இசையைச் சிறுவயதிலேயே தொடங்க வேண்டும், பிந்தினால் பயனில்லை என்னும் பொதுப்புத்திக்கு அது ஒரு பதில்.

இன்று தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்களும் ஊழியர்களும் இயக்கத் தோழர்களும் இருபது, முப்பது வயதுகளில் பறை கற்கிறார்கள். வார இறுதிப் பயிற்சி முகாம்கள் நிரம்புகின்றன. வயலின் கற்கும் முப்பது வயதுக்காரரிடம் எவரும் கேட்காத ஒரு கேள்வி பறை கற்கும் தலித் இளைஞரிடம் கேட்கப்படுகிறது: "நம் பெற்றோர் படாதபாடு பட்டுக் கைவிட்டதை நீ ஏன் மீண்டும் கையில் எடுக்கிறாய்?" இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட இயலாது. இதற்கு இசை, வரலாறு, சட்டம் ஆகிய மூன்றின் துணையோடுதான் விடை காண வேண்டும்.

யார், எந்த வயதில் கற்றார்கள்?

கருநாடக இசையில் ஐந்து வயதில் தொடங்குவது குடும்பத்தின் வசதியைக் காட்டுவது. வீட்டில் ஓய்வு இருக்கிறது, கட்டணம் செலுத்தப் பணம் இருக்கிறது, கற்றபின் ஏறுவதற்கு மேடை இருக்கிறது. பறையைச் சிறுவயதில் கற்றவர்களின் கதை வேறு. தந்தை சாவுக்கு அடிக்கப் போனபோது உடன் சென்ற சிறுவன், பறையைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தினான், ஆள் குறைந்தபோது குச்சியைக் கையில் வாங்கினான். அவனுக்குப் பயிற்சிக்கூடம் துக்கவீட்டுத் தெரு. அவன் கற்றானா, கற்க வைக்கப்பட்டானா என்பதைப் பிறப்பே தீர்மானித்தது. பள்ளிக்குப் போக வேண்டிய நாளில் பிணத்தின்முன் நடந்த அந்தப் பிள்ளைக்கு அது இசைக்கல்வியாக இருக்கவில்லை. சாதி சுமத்திய வேலையாக இருந்தது.

ஆகவே எழுத்தறிவு பெற்ற முதல் தலைமுறைப் பெற்றோர் தம் பிள்ளைகளைப் பறையின் அருகிலேயே விடவில்லை. இது கலை வெறுப்பு அன்று, விடுதலைக்கான திட்டமிட்ட முடிவு. அந்த முடிவின் விளைவாகவே இன்று ஒரு தலைமுறை, தன் பாட்டனின் அடிகள் எவற்றையும் அறியாமல் வளர்ந்திருக்கிறது. அவர்கள் பிந்திக் கற்பதற்குக் காரணம் சோம்பலோ அக்கறையின்மையோ அல்ல. மறுக்கும் உரிமையை முந்தைய தலைமுறை வென்றெடுத்த பிறகே, விரும்பிக் கற்கும் உரிமை இவர்களுக்கு வாய்த்தது.

அரசின் கல்வி அமைப்பும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகளை நெடுங்காலமாகக் கற்பித்து வந்துள்ளன. சேர்க்கை வயது 12 முதல் 25 வரை. அந்த ஏழில் பறை இல்லை. 25 வயதைக் கடந்தவருக்கு வாயிலும் இல்லை. 2023-24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் பகுதிநேர நாட்டுப்புறக் கலைப் பயிற்சி மையங்கள் அறிவிக்கப்பட்டபோதுதான் வேலைக்குப் போகும் ஒருவர் அரசு நிறுவனத்தில் பறை போன்ற கலையைக் கற்பதற்கான வழி திறக்கத் தொடங்கியது.

முதிர்ந்த கை பழகுமா?

பழகும். ஒரு சுரத்தைக் கேட்ட மாத்திரத்தில் அதன் பெயரைச் சொல்லும் திறன் போன்ற சிலவற்றுக்குச் சிறுவயதுப் பயிற்சி பெரிதும் தேவைப்படுகிறது. தாளத்துக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. புதிய உடலசைவுகளைக் கற்கும் ஆற்றல் மூளைக்கு முதுமைவரை உண்டு, வேகம்தான் குறைகிறது.

பறையின் அமைப்பை அறிந்தால் பயிற்சியின் தடைகள் விளங்கும். மரத்துண்டுகளை இரும்புப் பட்டைகளால் இணைத்த வட்டச் சட்டம், அதன்மேல் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டிய மாட்டுத்தோல், இரண்டு குச்சிகள்: இவ்வளவே பறை. குட்டையாகவும் தடிமனாகவும் இருப்பது அடிக்குச்சி. நீண்டு மெலிந்து வளைந்துகொடுப்பது சிண்டுக்குச்சி. ஒரு கை ஓங்கி அடிக்க, மற்றொரு கை சட்டத்தின் மேல்விளிம்பைத் தாங்கியபடியே மெல்லிய குச்சியால் தெறிக்க வேண்டும். முதிர்ந்த வயதில் தொடங்குபவருக்கு இடறுவது பெரும்பாலும் இந்த இடமே. இடக்கை வலக்கையைப் பின்பற்ற முனையும். இரண்டும் ஒன்றாக விழும்.

இதற்குத் தீர்வு வேகத்தைக் குறைப்பதே. முதலில் அடியை வாயால் சொல்ல வேண்டும். பிறகு தொடையில் தட்ட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு கையையும் தனித்தனியே பழக்கி, கடைசியில் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஞாயிறன்று நான்கு மணிநேரம் அடிப்பதைவிட நாள்தோறும் இருபது நிமிடம் அடிப்பது மேலானது; கற்ற அசைவு இடையிடையே வரும் உறக்கத்தில்தான் உறுதிப்படுகிறது. பறை ஆட்டத்தோடு இணைந்த கருவி என்பதால் காலடியையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துப் பழக வேண்டும். மூடிய அறையில் பலர் சேர்ந்து அடிக்கும்போது காதில் காதடைப்பான் வைத்துக்கொள்வது நல்லது. கேட்புத்திறன் போனால் திரும்பாது.

வயதுவந்தவரிடம் குழந்தையிடம் இல்லாத ஒன்றும் உண்டு. தெம்மாங்கு அடிக்கும் சாவு அடிக்கும் உள்ள வேறுபாட்டை அவர் ஓசையாக மட்டும் கேட்பதில்லை. எந்த அடி எந்தத் தெருவில், யாருக்காக, என்ன கூலிக்கு அடிக்கப்பட்டது என்று கேட்க அவருக்குத் தெரியும்.

கைவிட்டவர்களும் கையில் எடுத்தவர்களும்

பறையைக் கைவிடுவதும் ஒரு போராட்ட மரபே. எல். இளையபெருமாள் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் சாவுக்குப் பறையடிக்கும் ஊழியத்தை மறுக்குமாறு மக்களைத் திரட்டினார். தீண்டாமை குறித்து ஆராய ஒன்றிய அரசு 1965இல் அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதன் அறிக்கை 1969இல் வெளிவந்தது. மராட்டியத்தில் மகர்கள்மீது சுமத்தப்பட்ட பரம்பரைக் கிராம ஊழியத்தை ஒழிக்க அம்பேத்கர் 1928இல் பம்பாய்ச் சட்ட மேலவையில் மசோதா கொண்டுவந்ததும் இதே நோக்கில்தான். பிறப்பால் வரும் ஊழியம் இருக்கும்வரை சுதந்திர மனிதன் இல்லை என்பதே இரண்டின் சாரம்.

கையில் எடுத்ததும் போராட்டமே. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். இழிவாகச் சொல்லப்பட்ட சொல்லைத் தலைநிமிர்ந்து சொன்னார். அதே மனநிலையோடு பின்வந்த பண்பாட்டு இயக்கங்கள் கருவியை அணுகின. திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழு, பறையைத் தொடவே வாய்ப்பில்லாதிருந்த இளம்பெண்களுக்கு அதைக் கற்பித்து மேடையேற்றியது. புத்தர் கலைக்குழு பல ஊர்களில் பயிற்சி அளித்தது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இவ்விரு மரபுகளும் முரண்பட்டவை என்று தோன்றலாம். உண்மையில் இரண்டும் கேட்டது ஒன்றையே: எப்போது அடிப்பது, எப்போது அடிக்காமலிருப்பது என்பதை அடிப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

சட்டம் கோடு கிழிக்கும் இடம்

மேடையில் பறை புகழ்பெறத் தொடங்கியபின் ஊர்களில் ஒரு புதிய வாதம் எழுந்துள்ளது. "படித்தவர்களே பெருமையாக அடிக்கிறார்கள், நீ அடிக்க மாட்டேன் என்றால் எப்படி?" என்று மறுப்பவரை மடக்குகிறார்கள். ஒருவரின் விருப்பத்தை இன்னொருவரின் கட்டாயத்துக்குச் சான்றாக்கும் வாதம் இது. சட்டத்தில் இதற்கு இடமில்லை.

அரசமைப்பின் 23ஆவது உறுப்பு கட்டாய உழைப்பைத் தடைசெய்கிறது. மக்கள் ஜனநாயக உரிமை ஒன்றியம் தொடுத்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், உடல்வலிமையால் வற்புறுத்துவது மட்டுமன்றி, வேறு வழியின்றிக் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைக்க வைக்கும் பொருளாதார நெருக்கடியும் கட்டாயமே என்று விளக்கியது. கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், 1976 இன்னும் நெருங்கி வருகிறது. கடன் மட்டுமல்ல, வழக்காறு சார்ந்த கடமையும் குறிப்பிட்ட சாதியில் பிறந்ததும்கூட கொத்தடிமைக்கான அடிப்படைகள் என்று அதன் 2(ஜி) பிரிவு கூறுகிறது. இரவெல்லாம் அடித்தவருக்குப் படி நெல்லும் சாராயமும் கொடுத்து, வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுக்கும் ஊர் வழக்கம் இந்த வரையறைக்குள் வரக்கூடியது.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 7ஏ பிரிவு, தீண்டாமையின் பேரால் துப்புரவுப் பணி, செத்த மாட்டை அகற்றுதல், அவற்றை ஒத்த வேலைகள் ஆகியவற்றைச் செய்யக் கட்டாயப்படுத்துவதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. பறையடித்தல் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. எனவே 'ஒத்த வேலை' என்பதை வாதிட்டு நிறுவ வேண்டியிருக்கும். அதைவிட வலுவான கருவி, பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989. அதன் 3(1)(எச்) பிரிவு கட்டாய உழைப்பையும் கொத்தடிமை உழைப்பையும், 3(1)(ஐ) பிரிவு பிணம் சுமக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவதையும், 3(1)(இசட்சி) பிரிவு சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பையும் அதற்கான மிரட்டலையும் குற்றமாக்குகின்றன. 26.01.2016 முதல் நடைமுறையில் உள்ள இப்பிரிவுகளுக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. பறையடிக்க மறுத்தவருக்கு மளிகைக்கடை, டீக்கடை, வயல்வேலை மறுக்கப்பட்டால் அதைத் தனிக் குற்றமாகப் புகாரில் எழுத வேண்டும். கடைக்காரர் சொன்ன சொற்களையும் நாளையும் நேரத்தையும் அன்றே குறித்துவைக்க வேண்டும். விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் தகுதிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். புகாரைப் பதிவுசெய்ய மறுக்கும் அரசு ஊழியர்மீது 4ஆவது பிரிவு பாயும். கொத்தடிமை நிலை இருந்தால் வருவாய்க் கோட்டாட்சியரிடம் விடுவிப்புச் சான்றிதழும் கோரலாம்.

கற்பவருக்குச் சில கடப்பாடுகள்

விரும்பிக் கற்கும் உரிமைக்குப் பொறுப்பும் உண்டு. முதலாவது, ஆசானுக்கு உரிய ஊதியம். பரம்பரைக் கலைஞரிடம் அடிகளைப் பெற்றுக்கொண்டு, அவருக்குச் சால்வை மட்டும் போர்த்திவிட்டுச் சான்றிதழ் முகாம் நடத்துவது பழைய படியளப்பின் புதிய வடிவமே. மிருதங்கத்துக்குத் தோல் போர்த்தும் கைகள் மேடையில் காணப்படாமல் போனதைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் எழுதிய நூலின் வெளியீட்டுக்குக் கலாஷேத்ரா முன்னர் அளித்த இட அனுமதியைத் திரும்பப் பெற்றது நினைவிருக்கும். கருவியைக் கொண்டாடி, அதைச் செய்தவரை மறைக்கும் அந்த வழக்கம் பறைக்கும் நேரக்கூடாது.

இரண்டாவது, பெயர். 'தமிழரின் ஆதி இசை' என்று பொதுவாகச் சொல்லும்போது அதைக் காத்தவர் யார், எந்த விலையில் காத்தார் என்பது மறைந்துவிடுகிறது. ஆதிக்கச் சாதியில் பிறந்தவரும் பறை கற்கலாம், கற்கட்டும். தம் ஊரில் சாவுக்கு அடிக்க மறுத்தவரின் பக்கம் அவர் நிற்கிறாரா என்பதே அக்கற்றலின் தேர்வு.

மூன்றாவது, மறுப்பவருக்கு மதிப்பு. பறையைத் தொடவே மாட்டேன் என்று சொல்லும் தலித் தோழரைப் பண்பாட்டு உணர்வற்றவர் என்று பழிக்க எவருக்கும் உரிமையில்லை. அவருடைய மறுப்பு சட்டம் காக்கும் அதே சுதந்திரத்தின் மறுபக்கம்.

இம்மூன்றையும் ஏற்பவர் முப்பதில் தொடங்கினாலும் ஐம்பதில் தொடங்கினாலும் பிந்தியவர் அல்லர். உங்கள் கல்லூரியில் பறைப் பயிற்சி நடந்தால் இரண்டு கேள்விகளோடு சேருங்கள்: ஆசானுக்கு எவ்வளவு ஊதியம்? அவருடைய ஊரில் இன்றும் யாரேனும் கட்டாயத்தால் அடிக்கிறார்களா? இரண்டாவது கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அடுத்த வகுப்புக்குக் குச்சிகளோடு ஒரு புகார்மனுவையும் எடுத்துச் செல்லுங்கள்.