அரிப்பின் காரணத்தை முதுகில் தேடும் சோதனை

கொத்தனாரின் விரலிடுக்கில் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் வெடித்துக் கசியும் புண்ணுக்குச் சிமென்டின் காரத்தன்மை மட்டுமே காரணமாக இருக்கலாம். அல்லது அதில் சிறிதளவே கலந்துள்ள குரோமியம் என்னும் உலோகத்தை உடலின் நோய்த்தடுப்பு அமைப்பு பகையாகக் கொண்டு எதிர்ப்பதும் காரணமாக இருக்கலாம். முன்னதற்கு எரிச்சல்வழித் தோல் அழற்சி என்றும், பின்னதற்கு ஒவ்வாமைத் தொடுதோல் அழற்சி என்றும் பெயர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றுவதால், தேர்ந்த மருத்துவருக்கும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்வது கடினம். அந்த வேறுபாட்டை அறியவே பேட்ச் டெஸ்ட் எனப்படும் ஒட்டுச் சோதனை தேவைப்படுகிறது.

பாதரசத்தால் வரும் தோல் அழற்சியை ஆராய்ந்த யோசெஃப் யாடாஸோன் என்ற ஜெர்மன் மருத்துவர் 1895-இல் முன்வைத்த இம்முறையின் அடிப்படை இன்றளவும் மாறவில்லை. பொட்டாசியம் டைகுரோமேட் என்னும் குரோமிய உப்பு 0.5 விழுக்காடு, கவரிங் நகைகளில் காணப்படும் நிக்கலின் உப்பு 5 விழுக்காடு, தலைச்சாயத்தில் உள்ள பாராஃபினைலின்டைஅமின் 1 விழுக்காடு என, நலமான தோலைப் புண்ணாக்காத அளவில் பொருள்கள் வாசலினில் கலக்கப்பட்டு, சிறு அலுமினியக் கிண்ணங்களில் இடப்பட்டு, மேல்முதுகில் ஒட்டப்படுகின்றன. முதுகு நனையாமலும் வியர்க்காமலும் 48 மணி நேரம் கழிந்தபின் ஒட்டு அகற்றப்பட்டு, தோல் சற்று ஆறியதும் முதல் முறையும், 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுமுறையும் பார்க்கப்படுகிறது.

இரண்டாவது பார்வையைத் தவிர்ப்பது சோதனையையே பாதியில் கைவிடுவதாகும். ஊசிமுனையால் தோலை லேசாகக் குத்திச் செய்யும் பிரிக் டெஸ்டில் 15 முதல் 20 நிமிடங்களில் விடை கிடைப்பதற்கு, அது எதிர்ப்பொருள்களால் உடனே எழும் வேறுவகை ஒவ்வாமையைக் காட்டுவதே காரணம். இங்கோ டி அணுக்கள் எனப்படும் வெள்ளணுக்கள் திரண்டுவரச் சில நாள்கள் ஆகின்றன. முதலில் சிவந்து பின்னர் மங்குவது பெரும்பாலும் வெறும் எரிச்சல். தடித்துக் கொப்புளித்து நிலைப்பதே ஒவ்வாமை. நாள்கூலியை இழந்து மும்முறை வருவது எளிதன்று என்பதால், விடுப்பும் கூலியும் தருவதை வேலை தருவோர் கடமையாகவே கருத வேண்டும்.

முதுகு சிவந்துவிட்டால் மட்டும் நோய்க்காரணம் உறுதியாகிவிடாது. நிக்கல் ஒவ்வாத ஒருவரின் பாதப் புண்ணுக்கு ரப்பர் செருப்பு காரணமாக இருக்கக்கூடும். ஆகவே தொழிலையும் அன்றாடப் புழக்கத்தையும் விரிவாகக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையோ முதுகில் பூசிய ஸ்டீராய்டு களிம்போ உண்மையான ஒவ்வாமையையும் மறைத்துவிடக்கூடும்.

குரோமியம்தான் காரணம் என்று தெரிந்தபின் கையுறையோடு நிற்க வேண்டியதில்லை. சிமென்டில் ஃபெரஸ் சல்ஃபேட் சேர்த்தால் கரையும் குரோமியம் தோலில் எளிதில் ஊடுருவாத வடிவத்துக்கு மாறுகிறது. டென்மார்க் 1980-களிலேயே இதைச் செய்யத் தொடங்கியது. சிமென்டில் கரையும் குரோமியத்தின் அளவு பத்து லட்சத்தில் 2 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி 2005 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடைமுறையில் உள்ளது.