உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்



சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ரமழானில், அஸர் தொழுகை முடிந்த வேளையில், எமது மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் பள்ளிவாசல் திண்ணையில் மயங்கிச் சரிந்தார். வயது ஐம்பதைத் தொடவில்லை. நீரிழிவுக்கு மாத்திரை எடுத்து வந்தவர். நோன்பு தொடங்குமுன் அவர் என்னிடம் வந்து, "மௌலவி, எனக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, நோன்பு பிடிக்கலாமா?" என்று கேட்டிருந்தார். வைத்தியரிடம் கேட்டீர்களா என்று நான் வினவவில்லை. பொறுமையாக இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். அல்லாஹ்வின் அருளால் அவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அன்று நான் அளித்த பதில் குறையானது என்பதை இன்றளவும் என் மனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தக் குறையை ஓரளவேனும் ஈடுசெய்யவே இதனை உங்களுக்கு எழுதுகின்றேன்.

நோய் நம் வாசலில் நிற்கிறது

2018, 2019ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், வயது வந்தோரில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பது கண்டறியப்பட்டது. அதாவது, நால்வர் அமர்ந்திருக்கும் இடத்தில் ஏறக்குறைய ஒருவர். நகரங்களில் வாழ்வோரிடையே இது மேலும் கூடுதல். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் நாம் இதற்கு விலக்கானவர்கள் அல்லர்.

இந்நோய் எவ்வாறு உண்டாகிறது? நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் இனிப்பும் குருதியில் குளுக்கோசாக மாறுகின்றன. கணையம் சுரக்கும் இன்சுலின் அதனைத் தசைகளுக்குள் செலுத்துகின்றது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேரும்போது இன்சுலின் தன் வேலையைச் செய்யத் திணறுகின்றது. சீனி குருதியிலேயே தேங்கி நிற்கின்றது. பல்லாண்டுகள் அவ்வாறு தேங்கும் சீனி கண்ணையும் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் பாத நரம்புகளையும் மெல்ல மெல்லப் பாதிக்கின்றது. தெற்காசிய மக்களாகிய நமக்கு, பார்வைக்கு மெலிந்திருந்தாலும், இந்த ஆபத்து உண்டு. ஆகவேதான் நமது இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டலாகாது என்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

தேநீர்க் கோப்பையும் சஹனும்

உண்பதையும் பருகுவதையும் அனுமதித்து, அளவு மீறுவதை மட்டும் தடுப்பது அல்-அஃராப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம் தரும் பாடம். வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைப் பானத்துக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விட்டுவைக்க நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இந்த அளவுகோலை நம் அன்றாட வாழ்வில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் தேநீர். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனி. நாளொன்றுக்கு நான்கு கோப்பை. இதுவே 32 முதல் 40 கிராம் வரை ஆகிவிடுகிறது. சேர்க்கப்படும் சீனியை நாளொன்றுக்குச் சுமார் 50 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்திருப்பது இன்னும் நன்று என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அப்படியாயின், தேநீரிலேயே நமது பங்கு பெரிதும் முடிந்துவிடுகிறது. வாரத்துக்கு அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள். ஒரு மாதத்தில் நாக்கு பழகிவிடும். சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டியோ பாணியோ சேர்த்தால் தீங்கில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவையும் குருதியில் சீனியாகவே சேர்கின்றன.

அடுத்து மென்பானம். 2016 ஆகஸ்ட் முதல் நம் நாட்டில் மென்பானப் போத்தல்களில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாளங்கள் இடப்படுகின்றன. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு; 2 கிராமுக்குக் குறைவாயின் பச்சை. சிவப்பு அடையாளமிட்ட 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்தால் 44 கிராமுக்கு மேல் சீனி உள்ளே போகிறது. பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பும் பெற்றோரே, அந்த நிறத்தைப் பார்க்க அவர்களுக்குப் பழக்கிக் கொடுங்கள்.

மூன்றாவது சஹன். ஆறு பேர் ஒரே தட்டைச் சூழ்ந்து உண்பது நமது சகோதரத்துவத்தின் அழகிய அடையாளம். அதனை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் பிறர் உண்ணும் வேகத்தில் நாமும் உண்டு, நமது அளவை அறியாமலே எழுந்துவிடுகிறோம். விருந்தளிப்போர் நெய்ச்சோற்றின் அளவைச் சற்றுக் குறைத்து, வெள்ளரிக்காய், தக்காளி சேர்ந்த சாலட்டைக் கூட்டலாம். வட்டிலப்பத்துடன் பலூடாவும் வைக்காமல், ஒன்றை நிறுத்திப் பழங்களை வைக்கலாம். இதனால் விருந்தின் கண்ணியம் குறைந்துவிடாது.

வீட்டுத் தட்டின் பாதியை மரக்கறியும் கீரையும், கால்வாசியைச் சோறும், மற்றைய கால்வாசியை மீன், பருப்பு, பயறு, முட்டை போன்றவையும் நிரப்பட்டும். வல்லாரைச் சம்பல், முருங்கையிலை, கங்குன், நெத்தலி, சாளை ஆகியன விலை கூடியவை அல்ல. தீட்டிய வெள்ளையரிசியை விடத் தவிடு நீங்காத சிவப்பரிசியும் குரக்கனும் மேலானவை. உப்பு நாளொன்றுக்கு ஐந்து கிராமை, அதாவது ஒரு தேக்கரண்டியைத் தாண்டலாகாது. கருவாடு, ஊறுகாய், உடனடி நூடில்ஸ் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் அடங்கும். மாலையில் தினமும் ரோல்ஸும் சமோசாவும் என்ற வழக்கத்தை வாரத்தில் ஒரு நாளாக்கி, மற்றைய நாட்களில் அவித்த கடலையை எடுத்துக்கொள்ளலாம்.

நடப்போம், ஆனால் பாதுகாப்பாக

வளர்ந்தோர் வாரத்துக்கு 150 நிமிடமேனும் வேக நடை போன்ற முயற்சியில் ஈடுபட வேண்டும். ஐந்து முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஓடியாட வேண்டும். பாடசாலையிலிருந்து டியூஷனுக்கும், அங்கிருந்து மத்ரஸாவுக்கும் வாகனத்திலேயே செல்லும் நமது பிள்ளைக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கிறது என்று பெற்றோர் சிந்திக்க வேண்டும். பள்ளிவாசல் அருகிலிருந்தால் முச்சக்கர வண்டியை விட்டு நடந்தே செல்லுங்கள். மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் இரண்டு மாடிகளையேனும் படியால் ஏறுங்கள். இரவுணவுக்குப் பின் பத்து நிமிடம் நடந்தாலே தசைகள் குருதியிலுள்ள சீனியை உள்ளிழுத்துக்கொள்ளும்.

பெண்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணுவோர், ஆயிஷா (ரழி) அவர்களுடன் நபி (ஸல்) அவர்கள் ஓட்டப் போட்டி நடத்திய செய்தி அபூதாவூதில் பதிவாகியிருப்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சகோதரிகள் இருவர் மூவராகச் சேர்ந்து அதிகாலையில் நடக்கலாம். வீட்டிற்குள்ளேயும் உடற்பயிற்சி செய்யலாம்.

வெள்ளவத்தையில் மரைன் டிரைவ் நடைபாதை இருக்கிறது. கொட்டாஞ்சேனையை அடுத்துச் சுகததாச விளையாட்டரங்கப் பகுதி இருக்கிறது. ஓய்வு நாளில் காலிமுகத்திடலுக்கும் செல்லலாம். ஆனால் கரையோர ரயில் பாதையில் ஒருபோதும் நடக்காதீர்கள். காதில் ஹெட்போனுடன் நடப்போர் ரயிலின் ஓசையை உணரமாட்டார்கள். மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும். அக்காலத்தில் பிள்ளைகளைக் கடலில் இறங்கவிடாதீர்கள். நடைபாதையில்லாத வீதியில் எதிரே வரும் வாகனங்கள் தெரியும் பக்கமாகவும், பஜ்ருக்கு முன்னும் இஷாவுக்குப் பின்னும் வெளிர்நிற உடையுடனும் நடங்கள். உச்சி வெயிலைத் தவிர்த்துத் தண்ணீர் அருந்துங்கள்.

புதிதாகத் தொடங்குவோர் பத்து நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடக்கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே நின்று, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். நீரிழிவு உள்ளோர் பாதணியின்றி நடக்கலாகாது. இரவில் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். உணர்விழந்த பாதத்தில் ஏற்பட்ட காயம் தெரியாமலே புண்ணாகி விடும். இளைஞர்களே, விரைவாகத் தசை வளர்க்கும் என்று ஜிம்மில் எவரோ தரும் ஊசியையும் பொடியையும் நம்பி ஏமாறாதீர்கள்.

நோன்பும் நோயாளியும்

அந்தச் சகோதரரிடம் நான் அன்று சொல்லியிருக்க வேண்டியதை இன்று உங்களிடம் சொல்கிறேன். ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதங்களுக்கு முன்னரே வைத்தியரைச் சந்தித்து, நோன்பு நோற்கலாமா, மாத்திரையின் அளவையும் நேரத்தையும் எவ்வாறு மாற்றுவது என்று கேளுங்கள். நோன்பின்போது குருதியில் சீனி 70 மில்லிகிராமுக்குக் குறைந்தாலோ 300ஐத் தாண்டினாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுரை. நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் வந்தால் மஃரிபுக்குக் காத்திருக்க வேண்டாம். விரலில் ஊசி குத்திச் சீனியைச் சோதிப்பது நோன்பை முறிக்காது என அறிஞர்கள் பலர் தெளிவுபடுத்தியுள்ளனர். நோயாளிக்கு அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் அளித்த சலுகை அல்லாஹ்வின் அன்பளிப்பு. அதனை ஏற்பது ஈமானின் குறைபாடு ஆகாது. இப்தாரில் பேரீச்சம் பழமும் தண்ணீரும் கஞ்சியும் எடுத்து, மஃரிபைத் தொழுத பின் ஏனைய உணவை உண்பது உடலுக்கு இதம்.

35 வயதைக் கடந்த ஒவ்வொருவரும் ஆண்டுக்கொரு முறை குருதியமுக்கத்தையும் சீனியையும் சோதித்துக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் இது இலவசம். வெறும் வயிற்றில் சீனி 100 முதல் 125 வரை இருந்தால் அது எச்சரிக்கை. 126 அல்லது அதற்கு மேல் எனின் வைத்தியர் மீண்டும் சோதித்து நோயை உறுதிசெய்வார். எச்சரிக்கை நிலையில் உள்ளோர் உணவையும் நடையையும் சீர்செய்தால் நோயைப் பல ஆண்டுகள் தள்ளிப்போடவும், பலர் தவிர்த்துக்கொள்ளவும் முடியும்.

அன்று மயங்கிய சகோதரர் இப்போது பஜ்ருக்குப் பின் தன் மகனுடன் நடந்து வருகிறார். கேட்பவர்களிடம் வைத்தியரைப் பார்க்கச் சொல்கிறார். நானும் இப்போது அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கின்றேன். உமது உடலுக்கு உம்மீது உரிமை உண்டு என்ற நபிவழியின் கருத்தை உணர்ந்து, நமக்கு ஒப்படைக்கப்பட்ட உடலைப் பேணி, அதன் பலத்தை நன்மையான காரியங்களில் செலவிட அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.