பட்டத்துக்கு முன்பே பல் மருத்துவர்

லூசி ஹாப்ஸ் டெய்லரின் பெயர் எங்கே வந்தாலும், பல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் என்ற அடைமொழியோடுதான் வரும். 1866 பிப்ரவரியில் சின்சினாட்டி நகரின் ஒஹாயோ பல் மருத்துவக் கல்லூரி அந்தப் பட்டத்தைக் கொடுத்தது. தகவல் சரிதான். ஆனால் கல்லூரி கதவைத் திறந்ததால்தான் அவர் மருத்துவரானார் என்று புரிந்துகொண்டால் வரிசை தலைகீழாகிவிடும். 1861லேயே அவர் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டார். அவரை உருவாக்கியது அந்தக் காலத்துச் சிற்றூர்ப் பல் மருத்துவம். பட்டறைத் தொழில்போல, ஒருவர் பக்கத்தில் நின்று இன்னொருவர் கற்றுக்கொண்ட தொழில் அது. கணவன் மனைவி சேர்ந்து நடத்தக்கூடியதும்கூட. கல்லூரி போட்ட முத்திரையைவிட இந்த ஏற்பாடுதான் அவர் வாழ்க்கையை விளக்குகிறது என்பேன்.

1833இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்த லூசி, மிச்சிகனில் பத்தாண்டுகள் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1859இல் மருத்துவம் படிக்க சின்சினாட்டி வந்தபோது, பெண் என்பதால் மருத்துவக் கல்லூரி மறுத்தது. பல் மருத்துவக் கல்லூரியும் அதே காரணத்தைச் சொன்னது. ஆனால் நிறுவனம் மூடிய கதவைத் தனிமனிதர்கள் திறந்தார்கள். அந்தப் பல் மருத்துவக் கல்லூரியின் தலைவரான ஜோனதன் டாஃப்டே அவருக்குத் தனியாகப் பாடம் நடத்தினார். சாமுவேல் வார்டில் என்ற மருத்துவரிடம் அவர் தொழில் பழகினார். உள்நாட்டுப் போர் மூண்டதும் அயோவா மாநிலத்தின் சிற்றூர்களுக்குப் போனார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள மெக்கிரிகரில் மூன்றாண்டுகள் தொழில் நடத்தினார். அங்கே எழுந்த நற்பெயரைப் பார்த்துத்தான் 1865இல் அயோவா பல் மருத்துவர் சங்கம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகே கல்லூரி இறங்கி வந்தது, அதுவும் நேராக இறுதி வகுப்பில் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களில் பட்டம் கைக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே தெரிந்தவரைச் சோதித்துச் சான்று கொடுத்தார்கள்; அவ்வளவே.

அந்தக் காலத்தில் ஒரு சொத்தைப் பல்லை அடைப்பது என்றால் என்னவென்று பார்த்தால், இந்தத் தொழிலுக்குக் குடும்பம் ஏன் அவ்வளவு தோதாக இருந்தது என்பது புரியும். மெல்லிய தங்கத் தகட்டைத் துணுக்குத் துணுக்காகக் குழிக்குள் வைத்து, சிறு சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். மருத்துவர் உளி போன்ற கருவியைப் பல்லின் மேல் பிடித்திருக்க, உதவியாளர் தட்டுவது வழக்கம். (பட்டம் பெற்ற ஆண்டிலேயே அயோவா சங்கத்தில் லூசி வாசித்த கட்டுரை இந்தச் சுத்தியலைப் பற்றியதுதான்.) 1860களில் மறுபடியும் பரவிய சிரிப்பு வாயுவைக் கொடுத்துப் பல் பிடுங்கும்போது, வாயுவைப் பார்த்துக்கொள்ள ஒருவரும் பல்லைப் பிடுங்க ஒருவரும் இருந்தால் நல்லது. பல் செட் கட்டுவதோ தனி வேலை: வாய்க்குள் அச்செடுத்து, மெழுகில் வடிவமைத்து, ரப்பரை நீராவியில் கெட்டிப்படுத்த வேண்டும். சிற்றூர்க்காரர் பலர் இதைப் பின்னறையில் தாங்களே செய்தார்கள். இத்தனைக்கும் சம்பளத்துக்கு ஆள் வைக்க எத்தனை பேருக்குக் கட்டுப்படியாகும்?

கனெக்டிகட் மாநிலத்தில் எமலின் ராபர்ட்ஸ் ஜோன்ஸ் என்ற பெண் இந்தக் குடும்ப வழியில்தான் தொழிலுக்குள் வந்தார். பதினெட்டு வயதில் ஒரு பல் மருத்துவரை மணந்தார். பெண்களின் விரல்கள் இந்த வேலைக்கு உதவா என்பது கணவரின் கட்சி. எமலின் வாதாடவில்லை. பிடுங்கிப்போட்ட பற்களை எடுத்து ரகசியமாக அடைத்துப் பழகி, நூற்றுக்கணக்கில் சேர்ந்ததும் அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தார். 1855 முதல் கணவரோடு வேலை செய்தார். 1864இல் அவர் இறந்த பிறகு, நாற்காலியையும் கருவிகளையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்.

எமலினுக்குக் கணவர் வழியாகத் தொழில் வந்தது, லூசி யாருடைய மனைவியாகவும் உள்ளே வரவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 1867இல் அவர் ஜேம்ஸ் டெய்லரை மணந்தார். போரிலிருந்து திரும்பி ரயில்வேயில் வேலை பார்த்தவர் அவர். லூசியே அவருக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தார். இருவரும் கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் ஊரில் குடியேறினார்கள். 1863இல் கெரில்லாப் படை புகுந்து எரித்த ஊர், மீண்டும் எழுந்துகொண்டிருந்த நேரம். லூசியிடம் பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் வந்தார்கள். இருபதாண்டுகள் அந்தத் தொழில் செழித்தது. அந்த வீட்டில் ஆசிரியர் மனைவி, மாணவர் கணவர்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. பட்டமில்லாமல் யாரும் பல்லில் கைவைக்கலாம் என்ற நிலைதானே போலிகளையும் வளர்த்தது? மறுக்க முடியாது. சந்தையில் கூட்டம் கூட்டிப் பல் பிடுங்கியவர்களும் அதே வாசல் வழியாகத்தான் வந்தார்கள். அவர்களிடம் தாடையைக் கொடுத்தவர்கள் பட்ட வேதனைக்குக் கணக்கில்லை. பின்னாளில் மாநிலங்கள் உரிமச் சட்டம் கொண்டுவந்தது நியாயமே. லூசியும் பட்டத்தைத் தேடிப் போனது இந்தக் கூட்டத்திலிருந்து தன்னைப் பிரித்துக் காட்டத்தான் என்று ஊகிக்கிறேன். ஆனாலும் திறமையை முதலில் சோதித்தது எது என்பதுதான் என் கேள்வி. மெக்கிரிகரில் அடைத்த பல் ஆறு மாதத்தில் விழுந்திருந்தால் ஊரே பேசியிருக்கும். சிற்றூரில் அதைவிடக் கண்டிப்பான தேர்வாளர் கிடையாது.

1886இல் ஜேம்ஸ் இறந்தார். லூசிக்கு அப்போது 53 வயது. கைத்திறனும் பட்டமும் பெயரும் அப்படியே இருந்தன. ஆனாலும் முழுநேரத் தொழிலை விட்டுவிட்டு, பெண்கள் வாக்குரிமைப் பணியிலும் சங்கப் பணிகளிலும் இறங்கினார், 1910இல் காலமானார். வயதும் துக்கமும் காரணமாக இருந்திருக்கலாம். அதோடு, லாரன்ஸில் நடந்தது இரண்டு பேர் சேர்ந்து நடத்திய தொழில் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.