கல்லை விடு, ரயிலைப் பிடி

போன வாரம் அரக்கோணத்தில் அக்கா வீட்டில் இருந்தேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா பையன் இயற்பியல் நோட்டோடு வந்து உட்கார்ந்தான். "மாமா, ஃபார்முலா எல்லாம் சரியாத்தான் போட்டேன். ஆனா மார்க் போச்சு."

கணக்கு இதுதான். 40 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல்லைக் கைவிடுகிறோம். அதே நொடியில், நேர் கீழே தரையிலிருந்து இன்னொரு கல்லை விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் மேலே எறிகிறோம். இரண்டும் அந்தரத்தில் சந்திக்குமா? எப்போது?

ஒரு பக்கம் முழுக்க எழுதி, 4 விநாடி என்று முடித்திருந்தான்.

"கல்லை விடு, ரயிலைப் பிடி" என்றேன். "இங்கேருந்து சென்னை சென்ட்ரல் சுமார் 69 கி.மீ. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல ரயில் கிளம்புது. ரெண்டும் மணிக்கு 69 கி.மீ. வேகம். எப்போ சந்திக்கும்?"

"அரை மணியில."

கல்லும் அப்படித்தான். புவியீர்ப்பு இரண்டையும் ஒரே அளவில்தான் இழுக்கிறது. மேல்கல் இறங்கும் வேகம் எவ்வளவு கூடுகிறதோ, கீழ்க்கல் ஏறும் வேகம் அவ்வளவு குறைகிறது. அதனால் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் கடைசிவரை அதே 10தான். இடைவெளி 40, 40ஐ 10ஆல் வகுத்தால் 4. ஒரு பக்கக் கணக்கின் சாரம் இந்த ஒரு வகுத்தல்தான்.

அப்புறம் மார்க் ஏன் போச்சு? சமன்பாட்டுக்குத் தரை இருப்பது தெரியாது. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், கீழ்க்கல் 1 விநாடி ஏறி, 1 விநாடி இறங்கி, 2ஆவது விநாடியிலேயே தரையில் கிடக்கும். மேல்கல் அப்போது இன்னும் 20 மீட்டர் உயரத்தில் இருக்கும். 4ஆவது விநாடிக்கு உயரம் கணக்கிட்டால் 40 − 80 = −40. அதாவது, தரைக்கு 40 மீட்டர் கீழே!

"அங்க கிணறு வெட்டியிருந்தாத்தான் சந்திக்கும்" என்று அவனே சிரித்தான்.

எறியும் வேகத்தை 20 ஆக்கினால்? 2 விநாடியில், சரியாக 20 மீட்டர் உயரத்தில் சந்திக்கும். எல்லை எங்கே என்று பார்க்க, சந்திக்கும் நேரம் கீழ்க்கல் அந்தரத்தில் இருக்கும் நேரத்தைவிடக் குறைவா என்று சோதித்தால் போதும். இந்த உயரத்துக்கு வேகம் 14.1க்கு மேல் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: இரண்டுமே தடையின்றி விழும் பொருள்களாக இருந்தால்தான் இந்தக் குறுக்குவழி. ஐஎன்எஸ் ராஜாளியின் ஹெலிகாப்டர் அந்தரத்தில் நின்றபடி ஒரு பொட்டலத்தைப் போட்டால், ஹெலிகாப்டர் விழுவதில்லை. பொட்டலம் மட்டும்தான் விழுகிறது. அங்கே இடைவெளி விநாடிக்கு விநாடி வேகமாகக் கூடும்.

நேரம் கிடைத்ததும் பேனாவை மூடாதீர்கள். உயரத்தையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.