இரு கணினிகளை ஒரே கம்பிவடத்தால் இணைத்தல்

ஹைதராபாத் நகரின் அமீர்பேட் பகுதி கணினிப் பயிற்சி நிலையங்களுக்குப் பெயர் பெற்றது. மைத்ரிவனம் கட்டிடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் தெலுங்கானா, ஆந்திரம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் இளைஞர் பலர் வந்து பயில்கின்றனர். 'இணையத்தின் துணையின்றி இரண்டு மடிக்கணினிகள் தம்முள் பேச முடியுமா?' என்பது இத்தகைய வலையமைப்புப் பயிற்சியின் தொடக்கத்தில் எழும் கேள்வி. முடியும் என்பதே விடை. அதற்கு வேண்டுவது ஒரு கம்பிவடம் மட்டுமே.

இது பயிற்சி மாணவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. பல மாதங்கள் கிராமம் கிராமமாகச் சென்று திரட்டிய குறிப்புகள் ஒரே ஒரு கணினியில் மட்டும் இருக்குமாயின், அக்கணினி பழுதுறும் நாளில் அவ்வளவு உழைப்பும் வீணாகும். இணைய வசதி குன்றிய இடத்தில் பணிபுரிவோர் மறுபிரதி எடுத்து வைக்க இம்முறை பெரிதும் பயன்படும்.

கம்பிவடத்தின் உள்ளே

இத்தகைய இணைப்புக்கு உதவும் முறை ஈதர்நெட் எனப்படும். 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப், டேவிட் பாக்ஸ் முதலியோர் இதனை உருவாக்கினர். இன்று வழங்கும் ஈதர்நெட் கேபிளில் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஓர் இணையின் இரு கம்பிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் தாக்குகிறது. ஏற்கும் கருவியோ இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை மட்டுமே கணக்கிடுகிறது. ஆகவே இரைச்சல் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. முறுக்கின் பயன் இதுவே.

வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள பழைய முறையில், கணினி 1, 2 ஆம் கம்பிகள் வழியே அனுப்பும். 3, 6 ஆம் கம்பிகள் வழியே பெறும். நேரான கேபிளால் இரு கணினிகளை இணைத்தால், ஒன்றின் வாய் மற்றொன்றின் வாயோடும், செவி செவியோடும் பொருந்தி, செய்தி சேராது போகும். எனவே ஒரு முனையில் ஆரஞ்சு, பச்சை இணைகளை இடம் மாற்றி அமைத்தனர். இதுவே குறுக்குக் கேபிள். 1999ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட ஜிகாபிட் முறையில் நான்கு இணைகளும் இரு திசையிலும் செய்தியைச் சுமக்கின்றன. இம்முறையில் இயங்கும் கருவிகளிற் பெரும்பாலானவை இணைகளின் ஒழுங்கைத் தாமே அறிந்து திருத்திக் கொள்வதால், இன்று சாதாரண நேர் கேபிளே போதும். ஈதர்நெட் துளை இல்லாத மெல்லிய கணினிகளுக்கு யூ.எஸ்.பி. மாற்றி ஒன்றை வாங்கிப் பொருத்தலாம்.

ஓர் எச்சரிக்கை: இரு முனையும் தட்டையான சாதாரண யூ.எஸ்.பி. கேபிளால் இரு கணினிகளை இணைத்தலாகாது. இரண்டும் 5 வோல்ட் மின்சாரத்தை வெளிவிடுவதால் கருவி பழுதுபடக்கூடும்.

செய்முறை

கேபிளைச் செருகியபின் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி வேண்டும். எதுவும் தராவிடினும் அவை 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தாமே எடுத்துக்கொள்ளும். எனினும் நாமே தருவது தெளிவு. முதற் கணினிக்கு 192.168.10.1 எனவும், இரண்டாவதற்கு 192.168.10.2 எனவும், இரண்டிற்கும் மறைப்பெண் 255.255.255.0 எனவும் ஈதர்நெட் அமைப்பில் எழுதுக. நுழைவாயில் முகவரியை வெறுமையாக விடுக.

பின்னர் முதற் கணினியில் ஒரு கோப்புறையை மட்டும் பகிர்வுக்குத் திறந்து, கடவுச்சொல் உள்ள பயனர் ஒருவருக்குப் படிக்கும் உரிமை அளிக்க வேண்டும். விண்டோஸ் கணினியாயின், இரண்டாவதன் கோப்பு உலாவியில் இரண்டு பின்சாய்கோடுகளை இட்டுத் தொடர்ந்து முதற் கணினியின் முகவரியைத் தட்டச்சு செய்தால் அக்கோப்புறை தோன்றும். 'பிங்' சோதனைக்கு விடை வராவிடில் கேபிள் பழுது என்று உடனே முடிவு செய்யலாகாது. கணினியின் தீயரண் அவ்விடையைத் தடுத்திருக்கலாம். துளையருகே விளக்கு இருப்பின் அது எரிகிறதா என்பதை முதலிற் காண்க.

வேகக் கணக்கு

எட்டு பிட்டுகள் ஒரு பைட். 20 ஜிகாபைட் அளவுள்ள கோப்புகளை அனுப்புவதாகக் கொள்வோம். வினாடிக்கு 10 மெகாபிட் வேக இணையத்தில் ஏற்றுவதற்கு ஏறத்தாழ நாலரை மணி நேரம் செல்லும். 100 மெகாபிட் கேபிளில் சுமார் 27 நிமிடமும், ஜிகாபிட் கேபிளில் 160 வினாடியும் ஆகும். இவை கொள்கையளவிலான கணக்குகள். வட்டின் வேகத்திற்கேற்ப நடைமுறையில் சற்றுக் கூடுதலாகும்.

காப்பும் கவனமும்

2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல் யூ.எஸ்.பி. நினைவகங்கள் வழியே பரவியது. ஆயின் கேபிளும் முற்றிலும் தீங்கற்றதன்று. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வன்னாக்ரை, விண்டோஸின் கோப்புப் பகிர்வு முறையிலிருந்த குறையைப் பயன்படுத்தியே கணினிக்குக் கணினி தாவியது. எனவே கணினியின் திருத்தங்களை உரிய காலத்தில் நிறுவுதலும், எஸ்.எம்.பி. முதற் பதிப்பை அணைத்து வைத்தலும், வேலை முடிந்ததும் பகிர்வை மூடுதலும் இன்றியமையாதவை. கோப்புகளை இடம் மாற்றாமல் நகல் எடுக்க வேண்டும். இரு பக்கத்திலும் கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் அளவும் ஒத்திருப்பதைச் சரிபார்த்து, சிலவற்றைத் திறந்தும் பார்த்த பின்னரே பணி முடிந்ததாகக் கருத வேண்டும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே ஒரு சோதனையாகச் செய்து காட்டலாம். ஒரே கோப்பை நினைவகத்தின் மூலமாகவும் கேபிள் மூலமாகவும் மாற்றி, ஆகும் நேரத்தை மாணவர்களைக் கொண்டே குறிக்கச் செய்க. பிறகு முகவரிகளுள் ஒன்றை 192.168.20.2 என மாற்றுக. கேபிள் அப்படியே இருக்க, உரையாடல் நின்றுவிடும். கம்பியால் இணைந்திருத்தல் மட்டும் போதாது, முகவரி ஒழுங்கும் வேண்டும் என்னும் வலையமைப்பின் அடிப்படையை மாணவர் கண்ணாரக் கண்டு உணர்வர்.