பீட்டர் லெவினின் உடல்சார் உளமருத்துவ முறை: நிறைவுறாத தற்காப்பும் துளித்துளியான மீட்சியும்

ஆய்வுச்சுருக்கம்

உளக்காயத்தை நடந்து முடிந்த நிகழ்வின் நினைவாகக் கொள்ளாமல், அந்நிகழ்வின்போது உடல் தொடங்கி முடிக்க இயலாமற்போன தற்காப்புச் செயலின் எச்சமாகக் கொள்வது அமெரிக்க உளமருத்துவர் பீட்டர் லெவினின் அணுகுமுறையாகும். 'சொமாட்டிக் எக்ஸ்பீரியன்சிங்' எனப்படும் இம்முறை, தேக்கிய உணர்ச்சியை நடுக்கத்தாலும் அலறலாலும் வெளியேற்றும் முறையாகப் பரவலாக அறியப்பட்டுள்ளது. அவ்வாறு அறியப்படுவதற்கு அதன் தோற்றக்கதையே காரணம் என்பதையும், முதிர்ந்த நிலையில் அம்முறை அக்கதையில் நிகழ்ந்ததைத் தவிர்ப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. அதன் கோட்பாட்டுச் சான்றுகளும் மருத்துவச் சான்றுகளும் தனித்தனியே மதிப்பிடப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உளக்காயம், உறைநிலை, உடலுணர்வு, ஊசலாட்டம், மெய்ப்பாடு, ஆழிப்பேரலை

முன்னுரை

பேரச்சம் தந்த நிகழ்வு முடிந்து பல்லாண்டுகள் கழிந்த பின்னரும் சிலருக்கு அது முடிவதில்லை. கதவு அறைந்து சாத்தப்படும் ஓசையில் நெஞ்சு படபடக்கிறது. காரணம் புலப்படாமல் வயிறு இறுகுகிறது. நள்ளிரவில் உறக்கம் கலைகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்வகைப்பாட்டு நூலில் 1980ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில்தான் இந்நிலை தனி நோயாக இடம்பெற்றது. ஈழத்து உளநல எழுத்துகள் இதனைக் குறிக்க 'நெருக்கீடு', 'மனவடு' ஆகிய சொற்களை ஆள்கின்றன. வடு என்பது ஆறிய புண்ணின் அடையாளம். இங்குப் பேசப்படுவதோ ஆறாத புண். ஆகவே இக்கட்டுரையில் 'உளக்காயம்' என்னும் சொல் ஆளப்படுகிறது. காயம் என்பது புண்ணையும் உடலையும் ஒருங்கே குறிப்பது தற்செயலாயினும் பொருத்தமாக அமைகிறது.

இந்நோய்க்கான மருத்துவம் நெடுங்காலம் பேச்சையே நம்பியிருந்தது. எட்னா ஃபோவா உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையில், பாதிக்கப்பட்டவர் நிகழ்வை மீண்டும் மீண்டும் விரித்துரைக்க, அச்சம் படிப்படியாகத் தணிகிறது. இம்முறைக்கு வலுவான ஆய்வுச் சான்றுகள் உள்ளன. எனினும் அதனை இடையில் கைவிடுவோரும் உள்ளனர். தமக்கு நேர்ந்ததைச் சொல்லில் வடிக்கவே இயலாதோரும் உள்ளனர். உடலின் வழியே உளக்காயத்தை அணுகும் முறைகள் இவ்விடைவெளியில்தான் வேர்கொண்டன. வில்ஹெல்ம் ரைக் 1930களிலேயே தசையிறுக்கத்தையும் உணர்ச்சி அடக்கத்தையும் இணைத்துப் பேசினார். பெசல் வான் டெர் கோக்கின் 2014ஆம் ஆண்டு நூல் இவ்வெண்ணத்தைப் பொதுவாசகரிடம் கொண்டுசேர்த்தது. இவ்விருவருக்கும் இடைப்பட்ட காலத்தில் இதனை ஒரு பயிற்சிமுறையாக ஒழுங்குபடுத்தியவர்களுள் முதன்மையானவர், 1942இல் பிறந்த பீட்டர் லெவின். உயிர் இயற்பியலிலும் உளவியலிலும் முனைவர் பட்டம் பெற்ற அவர், 1997இல் வெளியிட்ட 'புலியை எழுப்புதல்' என்னும் நூலில் இம்முறையை விரிவாக முன்வைத்தார்.

1969: புலியும் மரமும்

நூலின் தலைப்பிலுள்ள புலி, லெவினின் மருத்துவ அனுபவத்தில் 1969இல் வந்த ஒரு கற்பனைப் புலி. நான்சி என்று அவர் புனைபெயரிட்டு அழைக்கும் இளம்பெண் ஒருவர், கடும் அச்சத் தாக்குதல்களாலும் உடல்வலிகளாலும் வீட்டைவிட்டுத் தனியே வெளியேற இயலாத நிலையில் இருந்தார். உடல் தளர்த்தும் பயிற்சி உதவக்கூடும் என்று கருதிய உளமருத்துவர் ஒருவர் அவரை லெவினிடம் அனுப்பினார். பயிற்சி தொடங்கித் தசைகள் தளர்ந்த வேளையில் எதிர்பாராதது நிகழ்ந்தது. நான்சி அமைதியடைவதற்கு மாறாக, தாம் இறந்துகொண்டிருப்பதாகக் கதறினார். அத்தருணத்தில் தம் மனத்தில் பாயத் தயாராக நின்ற ஒரு புலியின் உருவம் தோன்றியதாக லெவின் எழுதுகிறார். புலி துரத்துகிறது, ஓடி அந்த மரத்தில் ஏறிக்கொள் என்று அவர் உரக்கச் சொன்னார். நான்சியின் கால்கள் ஓடுவனபோல் அசையத் தொடங்கின. ஏறத்தாழ ஒரு மணிநேரம் அவர் உடல் நடுங்கியது; அலறலும் அழுகையும் மாறிமாறி வந்தன. குழந்தைப் பருவத்தில் தொண்டைச்சதை அறுவைக்காக ஈதர் கொடுக்கப்பட்டபோது, அசையவிடாமல் பிடித்து அழுத்தப்பட்ட நினைவு அப்போது எழுந்தது. அன்று முதல் அவருடைய அச்சத் தாக்குதல்கள் நின்றன.

நினைவில் தங்கும் கதைதான். தப்பியோட முயன்று முடியாமற்போன குழந்தை, பல்லாண்டுகள் கழித்து அந்த ஓட்டத்தை முடித்துக்கொண்டது என்னும் விளக்கம் அதன் உள்ளேயே அமைந்திருக்கிறது. லெவினின் மையக் கருத்தும் இதுவே. ஆபத்தை எதிர்கொள்ளும் உடல், போரிடவோ ஓடவோ பேராற்றலைத் திரட்டுகிறது. இரண்டும் தடைபடும்போது உறைந்துபோகிறது. திரட்டிய ஆற்றல் செலவழியாமையால், ஆபத்து நீங்கிய செய்தி உடலுக்கு எட்டுவதில்லை.

ஆனால் இக்கதையைப் படிப்போர் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அன்று நடந்ததை ஒரு முன்மாதிரியாக லெவின் பரிந்துரைக்கவில்லை. அத்தகைய கொந்தளிப்பு நான்சியை மீண்டும் காயப்படுத்தியிருக்கக்கூடும், அவ்வாறு நேராதது நற்பேறே என்னும் கருத்தைப் பின்னாளில் அவரே வெளிப்படுத்துகிறார். பழைய அச்சத்தை முழு வீச்சில் மீண்டும் வாழ்வது தேவையுமன்று, அறிவுடைமையுமன்று என்பதே அவர் அடைந்த முடிவு. அதன்பின் அவர் வகுத்த நுட்பங்கள் ஏறத்தாழ அனைத்தும் வேகத்தைக் குறைப்பதற்கானவை. இந்தத் திருப்பத்தை விடுத்து நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பயிலரங்குகளும் காணொளிகளும், லெவின் கைவிட்ட வழியை அவர் பெயரிலேயே பரப்புகின்றன எனலாம்.

துளித்துளியாக

முதிர்ந்த நிலையில் இம்முறையின் அமர்வு வெளிப்பார்வைக்கு ஆரவாரமற்றது. மருத்துவர் நிகழ்வைப் பற்றி வினவித் தொடங்குவதில்லை. வந்தவர் தம் கண்களை அறையைச் சுற்றி மெல்லச் செலுத்தி, சாளரத்தையோ சுவரையோ விருப்பம்போல் நோக்குகிறார். நாற்காலி முதுகைத் தாங்குவது தெரிகிறதா, பாதம் தரையில் படிவது தெரிகிறதா என்று மருத்துவர் கேட்கிறார். உடலில் ஓரளவேனும் இதமாக உள்ள இடம் எது என்பது முதலில் கண்டறியப்படுகிறது. அது கையாகவும் இருக்கலாம், மூக்கின் நுனியாகவும் இருக்கலாம். பின்னர், காயத்தோடு தொடர்புடைய ஒரு சிறு கூறு மட்டும் தொடப்படுகிறது. மூச்சு இறுகத் தொடங்கியதுமே கவனம் இதமான இடத்திற்குத் திருப்பப்படுகிறது. இறுக்கத்திற்கும் தளர்ச்சிக்கும் இடையிலான இந்தப் போக்குவரவையே லெவின் ஊசலாட்டம் என்கிறார்.

சிறு கூறாகத் தொடுவதற்கு அவர் வேதியியலிலிருந்து ஒரு சொல்லைக் கடன்பெற்றார். தமிழகப் பள்ளிப் பாடநூல்களில் 'தரம்பார்த்தல்' எனப்படும் ஆய்வகச் செயலே அது. காரக்கரைசலில் அமிலத்தை ஒரே முறையில் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். துளித்துளியாகச் சேர்த்தால் ஒவ்வொரு துளியிலும் சிறிது வினை நிகழ்ந்து, இறுதியில் உப்பும் நீருமாக அடங்கும். பேரச்சத்தையும் அவ்வாறே அணுகவேண்டும் என்பது உவமையின் பொருள்.

தடைபட்ட தற்காப்பை நிறைவுசெய்தலும் இதே வேகத்தில்தான் நிகழ்கிறது. விபத்தில் தலையைக் காக்கக் கை உயராமற்போனவர், அக்கை உயர விரும்பும் மிக மெல்லிய உந்தலை உற்றறிகிறார். பிறகு அதனை மிக மெதுவாக உயரவிடுகிறார். 2010இல் வெளியான நூலில் லெவின் தம்மையே இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். சாலையைக் கடக்கையில் மகிழுந்து மோதி விழுந்த அவர், தம்மைக் கேள்விகளால் சூழ்ந்த ஒருவரை விலகச் சொன்னார். அருகில் அமர்ந்து கையைப் பற்றிக்கொண்ட குழந்தைநல மருத்துவரின் இருப்பில் ஆறுதல் பெற்றார். ஆம்புலன்ஸில் தம் உடலின் நடுக்கத்தைத் தடுக்காமல் கவனித்தார். முகத்தைக் காக்க எழ முனைந்த கைகளின் அசைவையும் உணர்ந்தார். நான்சியின் கதையைவிட இதுவே அவருடைய முறையின் உண்மையான வடிவத்தைக் காட்டுகிறது. ஆனால் புலி இல்லாத கதையாதலால் இது அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை.

உடலுணர்வும் மெய்ப்பாடும்

உடலின் உள்ளிருந்து தெளிவற்று எழும் முழுமையான உணர்வைக் குறிக்க லெவின் கையாளும் கலைச்சொல், சிகாகோ பல்கலைக்கழக மெய்யியலாளர் யூஜின் ஜென்ட்லினுக்கு உரியது. ஜென்ட்லினின் 1978ஆம் ஆண்டு நூல் அதனைப் பரவலாக்கியது. தமிழில் இதனை 'உள்ளுணர்வு' எனப் பெயர்ப்பது பிழைபடும். அச்சொல் முன்னறிவு என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது. 'உடலுணர்வு' என்பது ஓரளவு பொருந்தும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை இதனோடு ஒப்பிடும் ஆவல் தமிழ் ஆய்வாளர்க்கு எழுவது இயல்பு. உணர்ச்சியை உடலோடு பிணைத்துக் காணும் நோக்கு இரண்டிற்கும் பொது. ஆனால் மெய்ப்பாடு பிறர் கண்டறியுமாறு உடலில் புலப்படுவது. காண்போர் இன்றி அது நிறைவுறாது. லெவின் பேசுவதோ உணர்பவர் மட்டுமே அறியக்கூடியது. எனவே இரண்டையும் ஒன்றெனக் கூறுதல் இரண்டிற்கும் நீதி செய்வதாகாது. மருத்துவர் வந்தவரின் முகநிறத்தையும் மூச்சையும் கையசைவையும் உற்றுநோக்கும் பகுதிக்கு மட்டும் மெய்ப்பாடு என்னும் சொல்லைக் கொள்ளலாம்.

விலங்குகளின் சான்று

காட்டு விலங்குகள் நாள்தோறும் உயிராபத்தைச் சந்தித்தும் உளக்காயம் அடைவதில்லை, ஏனெனில் அவை தப்பியபின் நடுங்கி அதனைக் கழித்துவிடுகின்றன என்பது லெவினின் கோட்பாட்டுத் தூண். வானூர்தியால் துரத்தப்பட்டு மயக்க ஊசியால் வீழ்த்தப்பட்ட பனிக்கரடி ஒன்று விழிக்கும்போது நடுங்குவதைக் காட்டும் படக்காட்சி இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இத்தூண் வலுவற்றது. மருந்து தெளியும் விலங்கின் நடுக்கத்திற்கு மருந்தே காரணமாகலாம். மேலும், காட்டு விலங்குகளிடம் அச்சம் தங்குவதில்லை என்பதும் உறுதியன்று. கனடாவைச் சேர்ந்த லியானா ஜானெட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கொன்றுண்ணிகளின் குரலை ஒலிபரப்பியதால் மட்டுமே பாடும் சிட்டுக்குருவிகளின் குஞ்சுகள் ஆண்டொன்றுக்கு 40 விழுக்காடு குறைந்தன. 1990களின் நடுவில் ஸ்டீபன் போர்ஜஸ் முன்வைத்த வேகஸ் நரம்புக் கோட்பாட்டையும் லெவின் பின்னாளில் சார்ந்து எழுதினார். அதன் உடற்கூற்று அடிப்படைகளும் உடலியங்கியல் அறிஞர்களின் கடும் மறுப்புக்கு உள்ளாகியுள்ளன.

உறைநிலை மட்டும் ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஸ்டாக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பின் உதவி நாடிய 298 பெண்களிடம் நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆய்வில், 70 விழுக்காட்டினர் வன்முறையின்போது குறிப்பிடத்தக்க அளவு உறைநிலையை அடைந்ததாகக் கூறினர். அவ்வாறு உறைந்தவர்களிடையே ஆறு மாதங்களுக்குப் பின் உளக்காய நோயும் மனச்சோர்வும் மிகுதியாகக் காணப்பட்டன. 'ஏன் கத்தவில்லை, ஏன் எதிர்க்கவில்லை' என்று காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் வீட்டிலும் கேட்கப்படும் கேள்விக்கு இது விடை. கத்தாமை இசைவன்று, அது உடலின் தன்னியக்கம். பாதிக்கப்பட்டவர் தம்மையே நொந்துகொள்வதும் இவ்விடத்தில்தான். உறைந்தது கோழைத்தனமன்று என்பதை உடலியங்கியலின் மொழியில் எடுத்துரைப்பதே இம்முறையின் மருந்துகளுள் ஒன்றாக அமைகிறது.

மருத்துவச் சான்றும் தமிழகக் கடற்கரையும்

கோட்பாடு தளர்வதால் மருத்துவம் பயனற்றதாகிவிடாது. இரண்டையும் தனித்தனியே சோதிக்கவேண்டும். இஸ்ரேலில் டேனி பிராம் குழுவினர் 63 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வு, குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வாகும். 15 அமர்வுகளுக்குப் பின் உளக்காய அறிகுறிகளும் மனச்சோர்வும் நன்கு குறைந்தன. ஆயினும் ஒப்பீடு காத்திருப்போருடன் செய்யப்பட்டதேயன்றி வேறொரு மருத்துவ முறையுடன் அன்று. உலக சுகாதார நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் உளக்காயத்தை மையமிட்ட அறிவுசார் நடத்தை மருத்துவத்தையும், கண்ணசைவுவழி மருத்துவத்தையும் பரிந்துரைக்கின்றன. லெவினின் முறை அவற்றுள் இடம்பெறவில்லை.

இம்முறையின் தொடக்ககாலக் கள ஆய்வுகளுள் ஒன்று தமிழகக் கடற்கரையோடு தொடர்புடையது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். நாகப்பட்டினம் மாவட்டமே மிகுதியாக இழந்தது. பார்க்கர், டாக்டர், ராஜா செல்வம் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், தென்னிந்தியாவில் உயிர்பிழைத்த 150 பேருக்கு 75 நிமிட அமர்வு ஒன்று அளிக்கப்பட்டது. எட்டு மாதங்களுக்குப் பின் 90 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றமோ முழு விடுதலையோ அடைந்ததாகத் தெரிவித்தனர்.

இந்த எண்ணை மேற்கோள் காட்டுவோர், அந்த ஆய்வில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதையும் சேர்த்துக் கூறவேண்டும். பேரிடருக்குப் பின் பலர் மருத்துவம் இன்றியே காலப்போக்கில் தேறுகின்றனர். அக்கடற்கரையில் அந்த எட்டு மாதங்கள் வெறும் காத்திருப்பாகவும் இருந்திருக்க இயலாது. உறவினரின் துணை, மீண்டும் கடலேறியமை, இறந்தோர்க்கான சடங்குகள் யாவும் அதே காலத்தில் தம் பங்கை ஆற்றியிருக்கக்கூடும். மேலும், அந்த அமர்வில் உடலுணர்வைக் கவனித்தலோடு, உணர்ச்சியைத் தாமே மட்டுப்படுத்திக்கொள்ளும் பயிற்சியும் கற்பிக்கப்பட்டது. தேறியவர்களுக்குக் கைகொடுத்தது அந்த 75 நிமிடங்களா, வீட்டில் தொடர்ந்த பயிற்சியா, முன்பின் அறியாத ஒருவர் அருகமர்ந்து உடலில் என்ன தெரிகிறது என்று பொறுமையாகக் கேட்டதா என்பதைப் பிரித்தறியும் வகையில் அந்த ஆய்வு வடிவமைக்கப்படவில்லை.